கருத்து வேறுபாடு இல்லை

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நீல மையில் எழுதப்பட்ட ஒரு விடுதலைப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளதை உள்ளபடி தருகிறேன்: "நெட்டுக்குப்பம் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் நாங்கள் இருவரும் மனமொத்து இன்று முதல் தீர்ந்துகொண்டோம். ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. துரும்பு கிள்ளிப் போடப்பட்டது." துரும்பைக் கிள்ளினால் உறவு அறுந்தது என்பது ஊர் வழக்கம். கீழே ஒரு கையெழுத்து, ஒரு இடது பெருவிரல் ரேகை, சாட்சிகளாக ஐந்து பேர். "இன்று முதல்" என்று இருக்கிறதே தவிர, அந்த இன்று எந்த நாள் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

கையெழுத்து என் கணவருடையது. ரேகை அவருடைய முதல் மனைவியுடையது. இந்தக் குறிப்பு அந்த அம்மாளைப் பற்றியது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டிருந்தால், "எழுதிக்க, எம் பேருதான அது" என்றிருப்பார். எனக்குத்தான் அந்தப் பெயரை என் கையால் எழுத மனம் வரவில்லை. ஆண்டுகளையும் விட்டுவிடுகிறேன். கிழமைகளும் மணிகளும் என் நாட்குறிப்பில் உள்ளபடி.

திருவொற்றியூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் எழுதுவது என் வேலை. எந்தத் தெருவைக் கடல் எப்போது கொண்டுபோனது, எந்தப் பேருந்து எப்போது நின்றுபோனது என்று குறித்து வைப்பது பழக்கம். தேதி இல்லாத தாளைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தப் பத்திரம் என் கணவரின் இரும்புப் பெட்டியில் எங்கள் கல்யாணத்திலிருந்து கிடந்தது. நான் ஒரு முறைகூட எடுத்துப் படித்ததில்லை. முதல் மனைவி என்று ஒருத்தி இருந்தாள், ஊரில் பேசித் தீர்த்துவிட்டார்கள் என்பது போதுமானதாக இருந்தது.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது அலுவலகத்தில் மனைவியின் விவரம் கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவர் எழுதிக் கொடுத்த பெயர்தான் கோப்பில் இருந்தது. அது என் பெயர் அல்ல. மாற்ற வேண்டுமானால் விவாகரத்துக்கு நீதிமன்ற உத்தரவின் நகல் வேண்டும் என்றார்கள். இவர் பத்திரத்தைக் காட்டினார். "துரும்புக்கு ஜெராக்ஸ் எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டாராம் அங்கிருந்த இளைஞர். இவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, மகளைக் கல்லூரி விடுதி வரை அனுப்பிய பிறகு, சட்டப்படி நான் இவருக்கு யாருமில்லை என்று அன்று தெரிந்தது.

தேடினேன். ஊர்த் தலைவரிடம் போனேன். தீர்ப்பு எழுதிய நோட்டு ஒரு மழையில் நனைந்து, காய வைத்து, எலி கடித்துப் போயிருந்தது. பதிவு அலுவலகத்தில் அப்படி ஒரு பத்திரம் பதிவாகவே இல்லை என்றார்கள். மனம் ஆறாமல் நீதிமன்றத்தில் நகல் கொடுக்கும் பிரிவுக்கும் போனேன். வழக்கு எண் என்ன, வருடம் என்ன என்று கேட்டார் எழுத்தர். இரண்டும் இல்லை என்றேன். "போட்ட வழக்கத் தேடலாம்மா. போடாத வழக்க எங்க போய்த் தேடறது?" என்றார். அவரும் என்னைப் போலப் பதிவேட்டு ஆள்தான், கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு இளம் பெண் வக்கீலைப் பார்த்தோம். ஊர் வழக்கப்படி தீர்ந்ததை நிரூபிக்க வழக்குப் போடலாம், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். பரஸ்பர சம்மதத்தில் இருவரும் சேர்ந்து புதிதாக விவாகரத்து மனு போட்டால் சீக்கிரம் முடியும் என்றார். "அதுக்கு அந்தம்மா வந்து ரேகை வெக்கணும். நீதிபதி முன்னாடி நின்னு, சேர்ந்து வாழ விருப்பமில்லன்னு அவங்க வாயால சொல்லணும். அவங்க சொல்லலைன்னா ஒண்ணும் இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் நான் அந்த அம்மாள் மீன் விற்கும் எர்ணாவூர் மார்க்கெட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது.

நான் கற்பனை செய்து வைத்திருந்த உருவம் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. என்னைவிட உயரம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆனால் கழுத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதை நான் முதலில் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கூடை முன்னால் குந்தியிருந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தோ, இந்தப் பக்கம் கீறது இன்னிக்கு மீனு. அந்தப் பக்கம் நேத்து மீனு. கொழம்புக்கு ஆவும், வறுக்க ஆவாது."

"மடவை எப்டிக்கா?"

"முகத்துவாரத்து மடவ. பவர்ஹவுசு சாம்பத் தண்ணில மேஞ்சது. வாசன வரும், சொல்லிட்டேன். அப்பால வந்து கத்தாத."

அந்தப் பெண் மடவையையே வாங்கிப் போனாள். பக்கத்துக் கடைக்காரி என்னைப் பார்த்து, "இவ இப்டி சொல்லியே எல்லாத்தயும் வித்துடுவா. நாங்க ஃப்ரெஷ்ஷு ஃப்ரெஷ்ஷுன்னு கத்தினு குந்தினு கீறோம், ஒரு நாயி திரும்பல" என்றாள்.

நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும், அவரு வூட்டு ஆளு" என்றார் அவர். குப்பத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். "நீ டீச்சராமே?"

"இல்லக்கா. பள்ளிக்கூட ஆபீஸ்ல."

"அப்ப டீச்சர்னு கூப்ட முடியாது. ஆபீசுன்னே கூப்டறேன்."

அதற்குப் பிறகு எட்டு மாதங்கள் நான் அவருக்கு ஆபீசுதான். அக்கா என்ற சொல் என் வாயிலிருந்து ஒவ்வொரு முறையும் இடறித்தான் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "வரேன். நீ இத்தன வருசம் குடும்பம் பண்ணிட்டு பேரில்லாம நிக்கக் கூடாது. ஆனா ஒண்ணு. நடந்தததான் சொல்வேன். மீதிய என்னாண்ட கேக்காத."

அந்த நிபந்தனையின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. பின்னால் குப்பத்தில் விசாரித்தேன். பையனைப் பற்றிப் பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் அவர் வீட்டுப் பக்கம் போகவிடாமல் வேறு தெருவில் திருப்பி விடுவார்களாம். ஒருமுறை சொந்தத் தம்பி மகனைப் பற்றியே, "குடிப்பான். அடிக்க மாட்டான். காலைல எழுந்துக்க மாட்டான்" என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணம் நடந்தது. அந்த மருமகள் இன்றும் அவரைத்தான் தெய்வம் என்கிறாள், தம்பி பேசுவதில்லை.

பாரிமுனையில் வக்கீலம்மாவின் அறை. புதன்கிழமை, மாலை நான்கு மணி. மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாததால் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கல்யாணத் தேதியில் முதல் முட்டு. தனக்குத் தெரியாது என்றார் அந்த அம்மாள். என் கணவர் ஒரு தேதி சொன்னார். "அவருக்குத் தெரிஞ்சா அவரு சொல்லட்டும். எனக்குத் தெரியாதுன்னு எழுது." பிரிந்த தேதிக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முத்திரைத்தாளின் பின்பக்கம், விற்றவரின் மங்கிய முத்திரையில் ஒரு நாள் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தது; பெருமையோடு சொன்னேன்.

"அது பேப்பர் வாங்கின தேதி ஆபீசு. நாங்க தீத்துகினது அது இல்ல. பேப்பர் வாங்கினு வந்து தலைவர் வூட்டு பரண்ல ரொம்ப நாளு கெடந்துச்சு."

எனக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகம் அது. "அல்லது அதையொட்டி" என்று சேர்த்துக்கொண்டார் வக்கீலம்மா. மேலே வாசித்தார்: "மனுதாரர்கள் இருவருக்குமிடையே ஏற்பட்ட கருத்து வேறுபாடு காரணமாக..."

"நிறுத்து. இன்னா வேறுபாடு?"

"மனஸ்தாபம், சண்டை, அந்த மாதிரிக்கா."

"சண்டையா?" என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, நாம எப்பயாச்சும் சண்ட போட்டமா?"

என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

பால் பாக்கெட்டை வெளியே வைத்ததற்காக அன்று காலைதான் என்னிடம் அரை மணி நேரம் கத்தியிருந்தார்.

"எல்லாரும் இப்படித்தான்க்கா எழுதுவாங்க. இது ஒரு வழக்கமான வார்த்தை" என்றார் வக்கீலம்மா.

"அவங்கவங்க வூட்ல சண்ட இருந்துருக்கும், எழுதினாங்க. எங்களுக்கு இல்லாதத எப்டி எழுதறது? நான் ரேக வெக்க மாட்டேன்."

"பின்ன எதுக்குத்தான் பிரிஞ்சீங்க?"

"இவரு கம்பெனி வேலைக்குப் போனாரு. மணலியாண்ட வூடு பாத்து என்ன வான்னாரு. எங்கம்மா படுத்த படுக்க. கரைய வுட்டு நான் எங்க போறது? வரலன்னேன். சரின்னாரு. கடலுக்குப் போவாத ஆம்பளைக்கு எங்கூர்ல பங்கு இல்ல, பேச்சு இல்ல. பெரியவங்க கூப்ட்டுக் கேட்டாங்க. துரும்பக் கிள்ளிக் குடுத்துட்டோம். அவ்ளோதான்." சற்று யோசித்து, "அன்னிக்கு ரெண்டு பேரும் அழுதோம். அதயும் வேணா எழுதிக்க" என்றார்.

அழுதது எனக்குச் செய்தி. துரும்பு கிள்ளிய நாளில் தனக்குக் காய்ச்சல் என்றுதான் என் கணவர் சொல்லியிருந்தார். சண்டை போட்டுப் பிரிந்த ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட வேண்டியதில்லை. இவர்கள் சண்டையே போடவில்லை.

"தொழில் மற்றும் வசிப்பிடம் குறித்து ஒத்துப்போக இயலாததால்" என்று மாற்றினார் வக்கீலம்மா. அந்த அம்மாள் அதன் பொருளை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தலையாட்டினார். அடுத்த வரி: "அன்று முதல் இருவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை."

"அதுவும் தப்பு. ஞாயித்துக்கெழமன்னா மீன் வாங்க வராரே."

ஞாயிற்றுக்கிழமை மீன் காசிமேட்டில் வாங்குவது என்று என் கணவர் சொல்வார். வருடக்கணக்கில் வஞ்சிரமும் கிழங்கானும் வந்தன. நானே வாய்விட்டுப் புகழ்ந்திருக்கிறேன்.

"எத்தன வருஷமாக்கா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

"எங்கம்மா செத்த வருசத்துலேர்ந்து."

"வந்து என்ன பேசுவார்?"

"மீனு இன்னா வெலம்பாரு. உனக்கு எது புடிக்கும்னு சொல்வாரு. உனக்கு கிழங்கான் புடிக்கும், ஆனா முள்ளு ஆவாது. நான்தான் கீறி, நடுமுள்ள எடுத்துக் குடுப்பேன். மாசமா இருந்தப்ப சுறா கேட்ட. புட்டுக்குப் பால்சுறா தேடிக் குடுத்தது நான்தான்."

என் கணவர், "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்று தொடங்கினார்.

"இல்லியே," என்றார் அவர், கோபமே இல்லாமல். "சொல்லாதன்னு என்னாண்ட சொன்னியே. அவ கேட்டா சொல்லிடுவேன்னு நான் சொன்னேன். அவ இன்னிக்குத்தான் கேட்டா."

வக்கீலம்மா தண்ணீர் குடித்துவிட்டு, "கணவன் மனைவி என்ற முறையில் எவ்விதத் தொடர்பும் இல்லை" என்று திருத்தி வாசித்தார். அந்த அம்மாள் உடனே, "அது நெசம்" என்று கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்தார். அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்று வீடு வந்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பொறாமை என்ற சொல்லை நாட்குறிப்பில் முதல்முறையாக எழுதினேன். மாலை ஏழு இருபது.

அடுத்த ஞாயிறு முதல் மீனை நானே வாங்கினேன், திருவொற்றியூரில். "இன்னிக்கு வந்தது மேடம்" என்று கொடுத்தார்கள். பழைய மீன் என்று தலையைக் கழுவும்போதே தெரிந்துவிட்டது. வறுக்காமல் குழம்பு வைத்தேன்.

குடும்ப நல நீதிமன்றத்துக்கு முதல் நாள் போனபோது வக்கீலம்மா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: நான் இரண்டாம் மனைவி என்று யாருக்கும் தெரியக் கூடாது, முதல் கல்யாணம் தீராமல் இன்னொன்று என்றால் அதுவே ஒரு வழக்காகிவிடும், கேட்டால் சொந்தம் என்று சொன்னால் போதும். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். கூட்டத்தைச் சரிசெய்துகொண்டு வந்த ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க எந்தக் கேஸும்மா?" என்றார்.

"சொந்தக்காரங்க" என்றேன்.

"இன்னா ஆபீசு இப்டிச் சொல்ற?" என்று அவர் பதறினார். "சார், இவரோட பொண்டாட்டி சார் இது."

ஊழியர் குழம்பினார். "அப்ப நீங்க?"

"நானுந்தான். அத்தத் தீக்கத்தான வந்து கீறோம்."

வக்கீலம்மா கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஊழியர் எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்காதும்மா. தள்ளி உக்காருங்க" என்று நகர்ந்தார். நான் தள்ளி உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. என்னை இவருடைய மனைவி என்று ஒரு நீதிமன்றத்துக்குள் முதலில் உரக்கச் சொன்னது அவர்தான்.

அன்று காத்திருந்தபோது அவரும் என் கணவரும் எதையோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கணவரைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஒரு நாயி விஷயம்." அந்த அம்மாளைக் கேட்டிருக்க வேண்டியதில்லை, கேட்டேன். இவர் படகேறும்போது ஒரு நாய் இடுப்பளவுத் தண்ணீர் வரை பின்னாலேயே வந்து, அலை அடிக்க அடிக்க அங்கேயே நிற்குமாம். இவர் கம்பெனிக்குப் போன பிறகும் ஒரு மாதம் தண்ணீரில் போய் நின்றதாம். "அப்பால நானே ஒரு நாளு போயி கழுத்தப் புடிச்சி இழுத்தாந்தேன்" என்றார். இவருக்கு நாய் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நாய் வேண்டாம் என்று சொன்னவள் நான்.

அவர் ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றும் ஒருமுறை கேட்டேன். இரண்டு பேர் வந்தார்களாம். "நான்தான் வேணாம்னேன்." ஏன்? "புடிக்கல." யாரைப் பிடிக்கவில்லை, வந்தவர்களையா, கல்யாணத்தையா என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கப் பார்க்க, வக்கீலம்மா முதல் நாள் சொன்ன வாக்கியம் என்னைத் துரத்தியது. சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்குப் பெயர். சொல்லாவிட்டால் எதுவும் இல்லை. விருப்பம் இருந்தால் அவர் இல்லை என்று சொல்ல மாட்டார். சண்டை என்ற ஒற்றைச் சொல்லுக்கே ரேகை வைக்க மறுத்தவர். வேண்டுமானால் நேரடியாகக் கெஞ்சலாம் என்று ஒருநாள் மார்க்கெட் வரை போனேன். கூடைக்கு முன்னால் ஆள் கூடியிருந்தது. திரும்பிவிட்டேன்.

நீதிபதி முதலில் ஆலோசகரிடம் அனுப்பினார். ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்பது அங்கே நடைமுறை. செவ்வாய்க்கிழமை. என் கணவர் உள்ளே போனது பதினொன்று ஐந்துக்கு, வந்தது பதினொன்று ஒன்பதுக்கு. அந்த அம்மாள் போனது பதினொன்று பத்துக்கு. கதவு சாத்தப்பட்டது. ஓரத்தில் ஒரு விரலளவு இடைவெளி இருந்தது. அதில் அவருடைய புடவையின் பச்சை மட்டும் தெரிந்தது, அசையவில்லை. பதினொன்று இருபத்தொன்றுக்கு வெளியே வந்தார். பதினோரு நிமிடம்.

"தண்ணி கீதா ஆபீசு?" என்றார். என் பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.

அடுத்த தேதி தெரிந்துகொள்ள என் கணவரும் வக்கீலம்மாவும் நின்றுவிட, நாங்கள் இருவரும் கடற்கரை நிலையத்துக்கு நடந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம். சன்னலோரம் எனக்கு விட்டார். தண்டையார்பேட்டை தாண்டிய பிறகு கேட்டேன்.

"உள்ள என்னக்கா கேட்டாங்க?"

"அவரோட சேந்து வாழ ஆச கீதான்னு கேட்டாங்க."

அதோடு நிறுத்தினார். அது அவருடைய முறை. கேட்டதற்கு மட்டும் பதில். அடுத்த கேள்விக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வேகம் குறைந்தது. திருவொற்றியூர் பெயர்ப்பலகை சன்னலுக்கு வந்தது.

"கேளு ஆபீசு. சொல்றேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வண்டி கிளம்பும்போது அவர் சன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அதுதான் நான் அவரோடு கடைசியாகப் பேசியது. ஆறு மாதம் கழித்து இறுதி விசாரணைக்கு நான் போகவில்லை. நீதிபதி, ரேகை உங்களுடையதா, சம்மதமா என்று இரண்டே கேள்வி கேட்டாராம். ஆமாம் என்றாராம்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் வந்தது. தேதி, எண், முத்திரை எல்லாம் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில், "சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று மனுதாரர்கள் ஆலோசகரிடம் தனித்தனியே தெரிவித்தனர்" என்று ஒரு வரி. வக்கீலம்மாவிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்டேன். பரஸ்பர சம்மதத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் அந்த வரி அப்படியே வரும் என்றார்; ஆலோசகரிடம் பேசியது இரகசியம், அது எங்கும் பதிவாகாது. நானும் என் கணவரும் பதிவு அலுவலகத்தில் புதிதாகக் கல்யாணம் செய்துகொண்டோம். தொழிற்சாலைக் கோப்பில் இப்போது என் பெயர் இருக்கிறது. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், எழுத்துப் பிழை இல்லை.

உள்ளே அவர், ஆசை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது உண்மை. ஆசை இருக்கிறது, ஆனால் அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படியும் தீர்ப்பில் வழக்கமான வரி வந்திருக்கலாம். இல்லை, ஆசை இருந்தும் இல்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யை எனக்காகச் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றாவதை நினைக்கும்போதுதான் பொறாமை தாங்க முடியாமல் ஆகிறது. நான் யாருக்காகவும், இவருக்காகக்கூட, அவ்வளவு பெரிய எதையும் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து முதல் பதினொன்று இருபத்தொன்று வரை அந்த அறையில் அவர் சொன்ன பதில் என்ன என்பது சரிபார்க்கப்படவில்லை. அவர் நெட்டுக்குப்பத்தில்தான் இருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார்.